ஓடை நின்ற மத்தியானம்

பதின்மூன்று வருஷம் கழித்து இப்ராம்சா திரும்பி வந்தபோது பதுருன்னிசா களத்தில் காப்பிப் பழத்தைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். மேல் ரோட்டில் வத்தலக்குண்டு பஸ் நின்று போன சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் சரிவில் இறங்கி வந்தான். ஆள் கறுத்து இளைத்துப்போயிருந்தாலும் ஒரு பக்கத் தோளைத் தாழ்த்தி நடக்கிற நடையை வைத்தே அவள் கண்டுகொண்டாள். கையிலிருந்த பலகையைக் கீழே போடத் தோன்றவில்லை. அவனுக்குப் பின்னால், கட்டம் போட்ட கைலியும் முழங்கால் வரை நீண்ட சட்டையுமாக, தலையில் துணி போட்ட குட்டையான பெண் ஒருத்தி வந்தாள். களத்தின் ஓரத்தில் வந்து நின்றவள் பதுருன்னிசாவைப் பார்க்கவில்லை. கதவிடுக்கில் நின்ற மகள் ஹமீதுன்னிசாவையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி வீட்டுக்குப் பின்னால் ஏறிப்போகும் மலையைப் பார்த்தாள். கீழே ஓடையைப் பார்த்தாள். மறுபடியும் மலையைப் பார்த்தாள். பிறகு இப்ராம்சாவிடம் புரியாத பாஷையில் என்னவோ கேட்டாள்.

"என்னவாம்?" என்றாள் பதுருன்னிசா. அத்தனை வருஷத்துக்குப் பிறகு புருஷனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"மேல போற பாதை எதுன்னு கேக்குறா."

அவன் கப்பலேறியபோது ஹமீதுன்னிசா வயிற்றில் இருந்தாள். சுமத்திராவில் மைடான் பட்டணத்தில் ஒரு உறவுக்காரர் துணிக்கடையில் சேர்ந்தவன், அங்கிருந்து மேற்கே கடலுக்குள் கிடக்கும் ஒரு தீவுக்குக் கொப்பரையும் கிராம்பும் வாங்கப் போனான். அதற்குள் சண்டை வந்து ஜப்பான்காரன் இறங்கினான். கப்பல் நின்றது, தகவலும் நின்றது. கொடைக்கானல் பஜாரில் கம்பளிக்கடை வைத்திருந்த பதுருன்னிசாவின் அண்ணன் ஜலீல், வருஷத்துக்கு ஒரு தரம் வந்து வேறு இடம் பார்க்கலாமா என்று கேட்டுப் பார்த்தார். அவள் மாட்டேன் என்று சொன்னதை ஊரில் பத்தினித்தனம் என்றார்கள். அவளுக்குத்தான் தெரியும், அது வெறும் பிடிவாதம். மையித்தைக் கண்ணில் காட்டாமல் செத்துப்போனான் என்று சொன்னால் அவள் எப்படி ஒத்துக்கொள்வாள்.

அன்று சாயங்காலம் இப்ராம்சா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அங்கன நிக்காஹ் பண்ணிக்கிட்டேன். இவ பேரு ரொகானி. காச்சல்ல கெடந்தப்ப இவுக வீட்டு ஆளுகதான் என்னையக் காட்டுக்குள்ள வச்சுப் பாத்தாக. இல்லாட்டி நா இங்கன வந்து நிக்கமாட்டேன்."

பதுருன்னிசா அடுப்படிக்குப் போனாள். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு போட்டாள். அவன் உயிரோடு வந்ததற்கு அல்லாவிடம் சுக்ரு சொல்வதா, வந்த விதத்துக்கு அழுவதா என்று தெரியாமல், இரண்டையும் செய்யாமல் இருந்துவிட்டாள்.

வீடு பண்ணைக்காட்டு ஊருக்குக் கீழே, ஓடைக்கரையில் இருந்தது. முன்புறம் வண்டிப்பாதையைப் பார்த்துக் கடை. மலைக்காரர்கள் கொண்டுவரும் மிளகையும் காப்பியையும் எடைபோட்டு வாங்கி வத்தலக்குண்டுக்கு அனுப்பும் வியாபாரம். கடைக்குப் பின்னால் வீடு. பக்கவாசல் களத்துக்கும் பின்வாசல் ஓடையில் பாத்திரம் கழுவும் கல்லுக்கும் திறக்கும். ஓடைச் சத்தம் அந்த வீட்டில் எந்நேரமும் உண்டு. அங்கே பிறந்து வளர்ந்த பதுருன்னிசாவுக்கு அது சத்தமாகவே கேட்காது. வந்த புதிதில் ரொகானிக்கு மட்டும் அது எப்போதும் கேட்டது. கையில் வேலையை வைத்துக்கொண்டே ஒரு காதை அந்தப் பக்கம் கொடுத்திருப்பாள்.

முதல் வெள்ளிக்கிழமையே ரொகானி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு களத்திலிருந்து காப்பிச் செடிகளுக்கு நடுவே பாறைவரை ஏறும் ஒற்றையடிப் பாதையைப் பெருக்கினாள். சருகை ஒதுக்கினாள், வழுக்கும் பாசியைச் சுரண்டினாள், குறுக்கே நீட்டிய கிளைகளை ஒடித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் பெருக்கினாள். ஆடு மேய்க்கிறவர்கள்கூட எப்போதாவதுதான் அந்த வழியில் போவார்கள். பக்கத்துக் குடிசை குப்பம்மாள், களத்தில் கூலிக்கு மிளகு புடைக்க வருகிறவள், வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏ ராவுத்தரம்மா, ஒங்க வீட்டுக்கு வந்திருக்குறவ யாருக்குப் பாத கூட்டுறா? எதையோ எறங்கி வரச் சொல்லிக் கூப்புடுற மாதிரியில்ல இருக்கு."

பதுருன்னிசாவுக்கே அது தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேல் அவள் ரொகானியிடம் நேராகப் பேசியதே இல்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லுவாள், மகள் போய்ச் சொல்லும். ரொகானி அவளைத் தன் ஊர் வழக்கப்படி 'காக்கா' என்று கூப்பிட்டாள். அக்கா என்று அதற்கு அர்த்தம் என்று இப்ராம்சா சொன்னான். கடைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். தபால்காரர் அவள் பெயரையே ரோகிணி ஆக்கிவிட்டார். ரொகானி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, இட்ட வேலையைச் செய்துகொண்டிருந்தாள். சண்டைக்கு வருகிறவளாக இருந்திருந்தால் பதுருன்னிசாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஹமீதுன்னிசாவைப் பழனிக்குக் கட்டிக்கொடுத்த பிறகுதான் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். வீட்டில் பேச வேறு ஆள் இல்லை. களத்தில் எதிரெதிராக உட்கார்ந்து காப்பிக்கொட்டை பொறுக்கும்போது ரொகானி தன் ஊரைச் சொல்லுவாள். அதற்குள் தமிழ் வந்திருந்தது, இப்ராம்சா பேசுகிற தமிழ். கடலுக்கும் மலைக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம், அதில் கால்களின் மேல் நிற்கும் பலகை வீடுகள். வீட்டுக்கு அடியில் கோழியும் ஆடும். தென்னை மரங்கள் தண்ணீருக்குள்ளேயே இறங்கி நிற்கும். கிராம்பு காயும் மாசத்தில் ஊரே பாயை விரித்துவிட்டு நடக்க இடமில்லாமல் திரியும், குழந்தைகளின் தலைமுடியில்கூட அந்த வாசம் இருக்கும். எருமைகள் கடலில் நீந்திப் போய் எதிர்த் திட்டில் மேய்ந்துவிட்டு வரும். பெரிய ஊரிலிருந்து மாசத்துக்கு ஒரு படகு வந்தால் உண்டு. அலை பெருத்த மாசங்களில் அதுவும் இல்லை. ஓலை வேய்ந்த சின்னப் பள்ளிவாசல், அதன் பின்னால் மலைக்குப் போகும் பாதை. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால் வீட்டுக்கு ஒருவர் வந்து அதைப் பெருக்க வேண்டும்.

"மேல என்ன இருக்கு?"

"ஒரு கொட்டகை. ஒரு பானை. அரிசி. அப்புறம் ஆளுகளப் பொதச்ச கபுறு. நெறையக் கபுறு. யாரோட கபுறுன்னு தெரியாது."

ரொகானி பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் நிலம் ஆடியதாம். ஆடி நின்றதும் கடல் பின்னால் போனதாம். பவளப்பாறையெல்லாம் வெளியே தெரிய, மீன்கள் துள்ள, ஜனங்கள் கூடையோடு ஓடிப் பொறுக்கினார்களாம். அப்புறம் கடல் திரும்பி வந்தது. அதற்கு அவர்கள் ஊரில் ஒரு பெயர் இருந்தது. அமோங். அன்று பிழைத்தவர்கள், தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குக்கூட அந்தச் சொல்லைச் சொல்லிவைத்தார்கள். தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனால் அமோங் என்று ஒரு தரம் கத்த வேண்டும். கத்திவிட்டு ஏற வேண்டும். யாரையும் தேடக்கூடாது. யார் கையையும் பிடிக்கக்கூடாது.

"பெத்த பிள்ளையவுமா?" பதுருன்னிசா கொட்டையைக் கீழே வைத்தாள்.

"பிள்ளைக்கும் தெரியும் காக்கா. அது மேல வந்திரும். நா அதத் தேட, அது என்னையத் தேட, ரெண்டு பேரும் போயிருவோம். எங்கம்மாவோட அம்மா அப்படித்தான் போச்சு. எங்கம்மா மேல நிக்குது, அவுக கீழ தேடிக்கிட்டு நிக்குறாக. மேலயிருந்து எங்கம்மா கூப்புடுது, அவுகளுக்குக் கேக்கல."

அதைச் சொல்லும்போது ரொகானி அழவில்லை. அந்த ஊரில் எல்லோருக்கும் அப்படி ஒருவர் கீழே நின்றுகொண்டிருந்தார் போல. அன்றிலிருந்து பதுருன்னிசாவுக்கு வீட்டில் ஆள் கூடிவிட்டது என்று தோன்ற ஆரம்பித்தது. பாத்திரம் கழுவப் பின்வாசலுக்குப் போனால் யாரோ சற்றுமுன் அங்கே குனிந்து எதையோ தேடிவிட்டுப் போன மாதிரி இருக்கும். மழை மேகம் சரிவில் இறங்கிக் களத்தை மூடும்போது, அதற்குள் கூடையோடு நிறையப் பேர் நிற்பதாக நினைத்துக்கொள்வாள். தகரப் பெட்டியோடு இப்ராம்சா இவர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான், நான் பிறந்த வீட்டில் நானே விருந்தாளி ஆகிவிட்டேன் என்று எண்ணுவாள்.

இப்ராம்சாவும் அந்த ஊர்க்காரனாகத்தான் ஆகிவிட்டிருந்தான். மேல் ரோட்டை அகலப்படுத்தப் பாறைக்கு வெடி வைத்த அன்று, சத்தம் கேட்டு நிலம் அதிர்ந்ததும் ரொகானி கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டுப் பாறை உச்சிக்குப் போய்விட்டாள். பதுருன்னிசா சிரிப்பதற்காகப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தராசை விட்டுவிட்டு, ஒரு கால் பாதையில், உடம்பு முழுக்க மலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். அவள் பார்ப்பதைக் கண்டதும் காலை எடுத்துவிட்டு, செருப்பில் மண் பட்ட மாதிரி உதறிக்கொண்டான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. வண்டிப்பாதை சேறாகிக் கடைக்கு யாரும் வரவில்லை. ஓடை கலங்கி, களத்து ஓரம்வரை ஏறி, பேச்சுச் சத்தத்தை அமுக்கிக்கொண்டு ஓடியது. எட்டாம் நாள் மத்தியானம் மழை விட்டு வெயில் அடித்தது. ஈரச் சாமான்களைக் கழுவ ரொகானி பின்வாசலுக்குப் போனாள். பதுருன்னிசா அடுப்படியில் ரசத்துக்குப் பூண்டு தட்டிக்கொண்டிருந்தாள். கடையில் இப்ராம்சா சாக்கை உதறும் ஓசை கேட்டது. அது ஏன் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று அவள் நினைத்தாள். பூண்டு தட்டுகிற சத்தமும் பெரிதாகக் கேட்டது. எங்கோ மேலே ஒரு குருவி கத்தியதுகூடக் கேட்டது. காது அடைத்திருந்து திறந்துகொண்டது போல இருந்தது. ஓடைச் சத்தம் நின்றுவிட்டது என்பது அவளுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

பின்வாசலில் ரொகானி அந்தச் சொல்லைக் கத்தினாள்.

பதுருன்னிசா அதுவரை மனிதர் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து கேட்டதில்லை. திரும்புவதற்குள் ரொகானி அடுப்படிக்குள் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அடுப்பு எரிகிறது என்று சொல்ல வாயெடுத்தாள். ரொகானி இழுத்த இழுப்பில் பக்கவாசல் நிலையில் தோள் இடித்தது. களத்தைத் தாண்டி, காப்பிச் செடிகளுக்குள் நுழைந்து, பாதையின் முதல் வளைவில் திரும்பி, செருப்பு கழன்று, முக்காடு கிளையில் மாட்டிக் கிழிந்து, எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே அவள் ஏறினாள். அந்தப் பக்கம் குடிசையிலிருந்து குப்பம்மாளும் இவர்களைப் பார்த்துப் பயந்துபோய்ச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள்.

மேலே எங்கேயோ மலை சரிந்து ஓடையை அடைத்திருந்தது. தேங்கிய தண்ணீர் அந்த அடைப்பை உடைத்துக்கொண்டு வந்தது. அதெல்லாம் பிறகு அதிகாரிகள் வந்து பார்த்துச் சொன்னது. அப்போது பதுருன்னிசாவுக்குத் தெரிந்தது காலடியில் நிலம் முனகுவதும், பச்சை மரம் முறிகிற வாசமும்தான். பாறை விளிம்பிலிருந்து கீழே பார்த்தாள். செடிகளின் இடைவெளியில் களம் தெரிந்தது. இப்ராம்சா களத்தைத் தாண்டிப் பாதையில் சில அடி ஏறியிருந்தான். அவனுக்கும் அந்தச் சொல் தெரியும் அல்லவா. ஏறியவன் நின்றான். முன்னால் பாதையைப் பார்த்தான். வளைவு மறைத்ததால் அவன் கண்ணுக்கு அதில் யாரும் இல்லை.

"இங்கன இருக்கோம், ஏறி வாங்க," என்று பதுருன்னிசா தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் ரொகானியும் கத்தினாள், அவள் பாஷையில்.

அவன் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மேலிருந்து இறங்கிய இரைச்சலில் எந்தப் பெயர் என்று பிடிபடவில்லை. கூப்பிட்டுக்கொண்டே பக்கவாசல் வழியாக உள்ளே போனான். மரங்களும் பாறைகளும் சேறுமாக அது வந்தபோது வீடு ஒரு தரம் அசைந்தது போல் இருந்தது. பிறகு வீடு இருந்த இடம் இல்லை.

மறுநாள் வெகு தூரம் தள்ளிக் கீழே மையித்து கிடைத்தது. ஊருக்குள் தூரத்து உறவுக்காரர் ஒருவர் வீட்டில் ஒரு அறையைக் கொடுத்தார்கள். அந்த அறையில்தான் இரண்டு பேரும் வெள்ளைத் துணி கட்டி, விதவைகளுக்குரிய நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்தார்கள். குப்பம்மாள் தினமும் வந்து ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து, தான் ஓடிய கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். ரொகானியைப் பற்றி முன்பு பேசியதையெல்லாம் அவள் மறந்துவிட்டிருந்தாள். ரொகானி வெளியே வந்தால் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வதற்குச் சில பேர் காத்திருந்தார்கள்.

பதுருன்னிசா மணிக்கட்டில் இருந்த நகக்கீறலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"யார் கையையும் பிடிக்கப்படாதுன்னியே," என்றாள் ஒரு நாள்.

"ஒங்களுக்கு அந்தச் சொல்லு தெரியாதே காக்கா. கூப்பிட்டா என்னன்னு கேட்டுக்கிட்டு நிப்பீங்க."

அது சரிதான். சரியாக இருப்பதுதான் பதுருன்னிசாவைத் தின்றது. ரொகானி எப்படியும் ஏறியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். சொல் தெரியாதவள், அடுப்பை அணைக்காமல் வெளியே வராதவள், பதுருன்னிசாதான். அப்படியானால் அவன் தேடிப்போனது அவளைத்தான். பதின்மூன்று வருஷம் காத்துக் கிடந்ததற்கும், அதன் பிறகு இன்னொருத்தியோடு பங்கு போட்டு வாழ்ந்ததற்கும் அவளுக்கு அது போதும். ஆனால் அப்படியே நினைத்து முடிப்பதற்குள் இன்னொன்று வரும். தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றவள் ரொகானி. கத்தியது அவள் குரல். பின்வாசலுக்குப் போவதென்றாலும் அந்தப் பக்கவாசல் வழியாகத்தான் போக வேண்டும். கத்தியவள் கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்தால் அவன் அவளைத்தான் கூப்பிட்டிருப்பான். குவிந்த கையும் திறந்த வாயும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. சத்தம் மட்டும் ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு மாதிரி இருந்தது. காலையில் தன் பெயராகக் கேட்டது, சாயங்கால அஸர் தொழுகைக்குள் மற்றவள் பெயராகிவிடும்.

இத்தா முடிய இருந்த வாரத்தில், துணி மடித்துக்கொண்டிருந்த ரொகானி நிமிராமலே சொன்னாள்.

"அன்னைக்கு அவர் கூப்பிட்டது ஒங்க பேரு, காக்கா."

பதுருன்னிசாவின் கையிலிருந்த தஸ்பீஹ் மணி நின்றது. "நீ கேட்டியா?"

"கேட்டேன்."

அவள் அதைக் கொடுக்கிறாளா, சுமத்துகிறாளா என்று பதுருன்னிசாவுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் அவன் வாயிலிருந்து எது வர வேண்டும் என்று ஏங்கினாளோ, அது இப்போது மடித்த துணியைப் போல அவள் முன்னால் வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்தால் அவன் சாவையும் சேர்த்து எடுக்க வேண்டும். ரொகானியின் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபமும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. வெறும் களைப்புதான் இருந்தது.

"இல்லத்தா," என்றாள் பதுருன்னிசா. "எனக்கு ஒம் பேருதான் கேட்டுச்சு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் பொய் சொல்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ரொகானி மறுபடி துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

இத்தா முடிந்ததும் ஜலீல் கொடைக்கானலிலிருந்து வந்தார். நாகப்பட்டினத்தில் தெரிந்தவர் இருக்கிறார், அந்தப் பெண்ணைக் கப்பலேற்றி அவள் ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறேன், நீ மகளோடு பழனிக்குப் போய்விடு என்றார். பதுருன்னிசா வாசல்படியில் நின்றுகொண்டு கேட்டாள்.

"அவ போறேன்னு சொன்னாளாண்ணே?"

"அவகிட்ட என்னத்தக் கேக்க. இங்கன அவளுக்கு யாரு இருக்கா?"

"அப்ப போற சோலி இல்ல. வெரசாக் கெளம்புங்கண்ணே, பஸ்சு வந்துரும்."

உள்ளே ரொகானி சாமான் எதையும் கட்டியிருக்கவில்லை. கேட்டால் அவள் எந்த ஊரைச் சொல்லியிருப்பாள் என்று பதுருன்னிசா கடைசிவரை விசாரிக்கவில்லை. ஊரின் மேல் தெருவில் ஒரு வீடு பிடித்தார்கள். மிளகு காயப்போட்டும் காப்பிக்கொட்டை பொறுக்கியும் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு இல்லாமல் போயிற்று. நோன்புக்கு ஹமீதுன்னிசா பிள்ளைகளோடு வருவாள். அவை பாட்டி முறையில் இருவரையும் நன்னி என்றே கூப்பிடும். இருவரும் ஒரே சட்டியில் ஆக்கித் தின்றார்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவள் கஷாயம் வைத்தாள். அவன் பெயரை மட்டும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே இடத்தில் இருந்த வலியை இருவரும் ஆளுக்கொரு பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக் காத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ஓடைப்பக்கம் போக வேண்டிய அவசியம் மூன்றாம் வருஷம் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் மிளகு பறிக்க ஆள் கேட்டிருந்தார்கள். மாசி மாதம், காலை வெயில் ஏறும் நேரம். முன்பு களமும் கடையும் இருந்த இடத்தில் வெள்ளை மணலும் ஆளுயரப் பாறைகளும் கிடந்தன. பாறை இடுக்குகளில் காட்டுவாழை முளைத்திருந்தது. ஓடை வழி மாறி, கணுக்கால் அளவுத் தண்ணீராக மணலின் நடுவே ஓடியது. பதுருன்னிசா சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ரொகானி பின்னால் கூடையோடு வந்தாள். அடுப்படி எங்கே இருந்திருக்கும் என்று பதுருன்னிசா கண்ணால் அளந்து பார்த்தாள், பிடிபடவில்லை.

நடுத் தண்ணீருக்கு வந்தபோது எதிர்ச் சரிவில் தோட்டத்துக்குள்ளிருந்து யாரோ ஒரு ஆண் குரல் நீட்டிக் கூப்பிட்டது. கூட்டாளியையோ, மனைவியையோ, வேலைக்கு வந்த யாரையோ. மலையில் பட்டுப் பட்டு வந்ததில் பெயர் கரைந்து கடைசி எழுத்தின் நீளம் மட்டும் இருந்தது.

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

குரல் இன்னொரு தரம் கேட்டது. பதுருன்னிசாவின் உதடு பிரிந்தது. பக்கத்தில் ரொகானியின் கழுத்து நரம்பு அசைவது தெரிந்தது. இருவரும் எதிர்ச் சரிவின் பச்சையைப் பார்த்தபடி நின்றார்கள். தண்ணீர் நான்கு கால்களையும் சுற்றிக்கொண்டு, அடியில் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருந்தது.